எரிந்த எண்ணெய்க்கு யார் கணக்கு?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போர் என்றதும் செத்தவர்களை எண்ணுகிறோம். பிறகு செலவான பணத்தை எண்ணுகிறோம். கெட்டுப்போன காற்றையும் மண்ணையும் எண்ணுவதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறோம். தொலைவில் நடந்த கதையல்ல, நம்மவர்கள் உழைத்த குவைத்தின் கதை.

1990 ஆகஸ்ட் 2-ல் சதாம் உசேனின் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. பிழைப்புத் தேடிப் போயிருந்தவர்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, பாலைவனம் கடந்து ஜோர்டான் போய்ச் சேர்ந்தார்கள். அம்மானிலிருந்து 1,70,000-க்கு மேற்பட்ட இந்தியர்களை விமானங்கள் ஏற்றி வந்தன. பம்பாயில் அவர்கள் வந்திறங்கிய காட்சி இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சம்பளப் பாக்கி போயிற்றே, குருவி போலச் சேர்த்தது போயிற்றே என்று அழுதோம். அந்த மண்ணுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

1991-ல் தோற்றுத் திரும்பிய அந்தப் படை 600-க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. பட்டப்பகலில் வண்டிகள் விளக்கேற்றி ஓடின. மழை கறுப்பாய்ப் பெய்தது. கடைசிக் கிணறு அணைந்தபோது நவம்பர் 6. எரியாமல் பொங்கிய எண்ணெய் ஏரி ஏரியாகத் தேங்கி மணலில் இறங்கியது. கடலில் விட்ட எண்ணெயோ சவூதிக் கரையில் பல நூறு கிலோமீட்டர் படிந்து, பறவையையும் நண்டையும் கொன்றது. எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? அமெரிக்கப் படையும் கூட்டாளிகளும் சுமார் 300 டன் கழிவு யுரேனியக் குண்டுகளை அதே பாலையில் சுட்டுத் தள்ளினார்கள்.

இந்த ஒரு போருக்குக் கணக்கு எழுதினார்கள் என்பது உண்மை. ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம் மொத்தம் சுமார் 5,240 கோடி டாலர் தீர்ப்பளித்தது. அதில் 500 கோடிக்கு மேல் சுற்றுச்சூழல் சேதத்துக்கு. ஓடி வந்த தொழிலாளிக்கும் ஒரு தொகை கிடைத்தது. வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வந்தது? ஈராக் எண்ணெய் விற்ற காசிலிருந்து. தடையால் மருந்துக்கும் மாவுக்கும் தவித்த மக்களுக்குச் சேர வேண்டிய காசு அது. எரித்த எண்ணெய்க்கு அபராதம் கட்ட இன்னும் எண்ணெய் எடுத்து, இன்னொரு ஊரில் எரிய விற்றார்கள்! 2022-ல்தான் கடைசித் தவணை தீர்ந்தது.

மற்றப் போர்களுக்கு இந்த அரைகுறைக் கணக்கும் இல்லை. 1997-ல் கியோட்டோவில் பேசியபோது, வெளிநாட்டில் நடத்தும் படை நடவடிக்கைகளின் புகையைக் கணக்கில் சேர்க்காதபடி அமெரிக்கா பார்த்துக்கொண்டது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலும் இராணுவப் புகையைத் தனியாகக் காட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலகப் புகையில் நூற்றுக்கு ஐந்தரை பங்கு இராணுவங்களுடையது என்பது 2022-ல் வந்த ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கைக் காட்டினால் அல்லவா சரிபார்க்க முடியும்?

2024-ல் உலகம் இராணுவத்துக்குக் கொட்டியது 2,71,800 கோடி டாலர். செலவில் நம் நாடு ஐந்தாவது இடம். தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் நிதியில்லை என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்த நமக்கு இதைப் பற்றிக் கேட்க உரிமை இல்லையா?

நம் இராணுவத்தின் எரிபொருள் கணக்கையும் ஐ.நா.வுக்குத் தரும் அறிக்கையில் தனியே காட்டவேண்டும் என்று அரசைக் கோரும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். போர் முடிந்தபின் மறுபடி குவைத்துக்குப் போய் அந்தக் கறுத்த மணலைக் கண்டவர்கள் உங்களில் இருந்தால், முன்கூட்டியே பெயர் கொடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.