கை வழியே வரும் கல்வி: கண்ணாடிப் பட்டறைகள் தரும் பாடம்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நல்ல பயிற்சி என்பது எது?’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பயிற்சியைக் குறை சொல்வது எளிது. அதை நாம் தேநீர் இடைவேளையில் நன்றாகவே செய்கிறோம். ஆகவே இன்று நம் துறைக்கு வெளியே இருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது கண்ணாடிக் கலைப் பட்டறை. நான் கண்ணாடி ஊதிப் பழகியதில்லை. அறிவியல் பாடத்திற்காக, அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் வெளியிடும் செய்முறைக் காணொலிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே கண்ணாடியைவிட, அதைக் கற்றுத்தரும் முறைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலையில் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கண்ணாடி, தேன் பாகு போல இருக்கும். நீண்ட இரும்பு ஊதுகுழாயின் முனையை அதில் விட்டுச் சுழற்றினால் பாகு சுற்றிக்கொண்டு வரும். வெளியே எடுத்த நொடியிலிருந்து அது இறுகத் தொடங்குகிறது. சுழற்றுவதை நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். வெறுங்கையால் தொட முடியாது. நனைத்து மடித்த செய்தித்தாளை உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் உருட்டி வடிவம் கொடுக்கிறார்கள். சிறிது நேரத்திற்குள் மறுபடி சூடேற்ற வேண்டும். ‘சூட்டோடு சூடாக’ என்று நாம் சொல்வது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

இந்த வேலையைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. எந்த நொடியில் ஊத வேண்டும், எவ்வளவு மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்பதைக் கண்ணும் கையும் சேர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பறையும் அப்படித்தான். முப்பது குழந்தைகள் எந்த நொடியில் கவனம் இழக்கிறார்கள், எப்போது கேள்வி கேட்க வேண்டும், எப்போது பேசாமல் காத்திருக்க வேண்டும் என்பதை எந்தக் கையேடும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

ஒரு கொட்டகையில் தொடங்கியது

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் கண்ணாடி ஊதுதல் பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. வடிவமைப்பவர் ஒருவர், ஊதுபவர் வேறொருவர். தனி ஒரு கலைஞர் சிறிய உலையை வைத்துத் தானே உருவாக்க முடியும் என்று நம்பியவர்களில் முக்கியமானவர் ஹார்வி லிட்டில்டன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்தவர். 1958இல் இத்தாலியின் முரானோ தீவுக்குச் சென்று, அங்கிருந்த சிறிய உலைகளைப் பார்த்த பிறகு அவரது நம்பிக்கை உறுதியானது.

1962ஆம் ஆண்டு மார்ச் மாதம், டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கார் கொட்டகையில் அவர் பட்டறை நடத்தினார். வந்தவர்களில் பலர் மட்பாண்டக் கலை ஆசிரியர்கள். அதாவது, நம்மைப் போலக் கற்பிப்பவர்கள். முதலில் உருக்கிய கண்ணாடி ஊதுவதற்கு ஏற்றதாக அமையவில்லை. கண்ணாடித் தொழிலில் ஆராய்ச்சியாளராக இருந்த டொமினிக் லபினோ, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கிப் பார்க்கும்படி யோசனை சொன்னார். அது பலித்தது. ஆனால் உருகிய கண்ணாடியை வைத்து என்ன செய்வது என்று கூடியிருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்போது அங்கு வந்தவர் ஹார்வி லீஃப்கிரீன். லிபி கண்ணாடி நிறுவனத்தில் ஊதுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஊதுகுழாயைக் கையில் எடுத்துச் செய்து காட்டினார். பட்டம் பெற்ற கலை ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் இரண்டாவது பட்டறை நடந்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் தனிப் பட்டறைகளிலும் கண்ணாடிக் கலை பரவியதற்கு இந்த இரண்டு பட்டறைகளும் தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

இந்த நிகழ்ச்சியில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது லீஃப்கிரீன் அவர்களைப் பற்றித்தான். ஒரு தொழிலாளியின் கையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த திறன் அன்று அந்தக் கொட்டகைக்குள் வராமல் போயிருந்தால், அது அவருடனேயே போயிருக்கும்.

ஆர்வமா, நுட்பமா?

டொலீடோவுக்குப் பிறகு வந்த பத்தாண்டில் ஆர்வம் பொங்கியது. நுட்பம் குறைவாகவே இருந்தது. அக்காலப் படைப்புகள் பல தடித்தும் கோணலாகவும் இருந்தன. கருத்துதான் முக்கியம், நுட்பத்தை யாரும் பெற்றுவிடலாம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. நம் ஆசிரியர் அறையிலும் இதே வழக்கு உண்டு அல்லவா? வாய்பாடும் கையெழுத்தும் முக்கியமா, குழந்தையின் படைப்பாற்றல் முக்கியமா என்று இரு கட்சியாகப் பிரிந்து பேசுகிறோம். கண்ணாடிக் கலை உலகம் இந்த வழக்கை எப்படித் தீர்த்தது என்று பாருங்கள்.

லிட்டில்டனிடம் பயின்ற டேல் சிகூலி, 1968இல் உதவித்தொகை பெற்று முரானோவின் வெனினி தொழிற்கூடத்திற்குச் சென்றார். அங்கே குழுவாக வேலை செய்யும் முறையைக் கண்டார். 1971இல் சியாட்டில் நகருக்கு வடக்கே, ஹாபெர்க் தம்பதியர் தந்த வனப் பண்ணை நிலத்தில், பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் கோடையில் கட்டடம் இல்லை. மழையில் தற்காலிகக் குடில்களில் தங்கி, மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உலை கட்டினார்கள். இன்றும் அங்கே கோடையில் சில வாரத் தீவிரப் பட்டறைகள் நடக்கின்றன.

முரானோவின் கதை வேறு. 1291இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது. பின்னாளில் கைவினைஞர்கள் வெளிநாடு சென்று தொழில் செய்வதைச் சட்டங்கள் தடுத்தன. தொழில் ரகசியம் குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நூற்றாண்டுப் பழக்கம்.

அந்தத் தீவில் 1934இல் பிறந்தவர் லீனோ தால்யாபியெத்ரா. சிறுவனாகவே உலைக்கூடத்தில் சேர்ந்து, 21 வயதில் தலைமைக் கலைஞர் நிலையை அடைந்தவர். 1978இல் அவருடைய மைத்துனர் கெக்கோ ஒங்காரோ பில்சக் பள்ளிக்குச் சென்று கற்பித்தார். அடுத்த ஆண்டு லீனோ சென்றார். தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் செய்து காட்டினார். ரகசியத்தை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் சிலர் குறை கூறினார்கள். அவர் நிறுத்தவில்லை, மீண்டும் மீண்டும் சென்று கற்பித்தார்.

அதனால் அவருக்கு இழப்பு ஏற்பட்டதா? டான்டே மரியோனி போன்ற ஒரு புதிய தலைமுறைக் கலைஞர்கள் அவரிடம் நுட்பம் கற்று உயர்ந்தார்கள். அவரோ அதுவரை தொழிற்கூடங்களுக்காக வேலை செய்தவர். பின்னர் தன் பெயரில் சுதந்திரமாகப் படைக்கும் கலைஞராக மலர்ந்தார். அமெரிக்கர்களிடம் துணிவு இருந்தது. அவரிடம் நுட்பம் இருந்தது. ஒரே உலை முன்னால் இரண்டும் சந்தித்தபோது இரு தரப்பும் வளர்ந்தன. வழக்கு அப்படித் தீர்ந்தது.

பட்டறையில் என்ன நடக்கிறது?

கார்னிங் அருங்காட்சியகம் 1996இல் தொடங்கிய கற்றல் பட்டறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் என வகுப்புகள் நடக்கின்றன. ஒரு குழுவில் சிலரே இருப்பார்கள். இத்தகைய பட்டறைகளில் வழக்கம் இதுதான்: ஆசிரியர் முதலில் முழுப் பொருளையும் செய்து காட்டுகிறார். பிறகு மாணவர்கள் குழுவாகப் பிரிந்து உடனே செய்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வோர் இருக்கைக்கும் போய் நிற்கிறார்.

ஒரு நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். ‘ரெட்டிசெல்லோ’ என்று பெயர்; வலைப் பின்னல் என்று பொருள் கொள்ளலாம். மெல்லிய வெள்ளைக் கண்ணாடிக் கம்பிகளை வரிசையாக ஒட்டி ஒரு குமிழ் செய்து, வலப்பக்கமாக முறுக்குவார்கள். இன்னொரு குமிழை இடப்பக்கமாக முறுக்குவார்கள். ஒன்றைக் குவளை போலத் திறந்து வைத்து, மற்றதை அதனுள் ஊதுவார்கள். கோடுகள் குறுக்கே சந்தித்து வலை உண்டாகும். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சிறு காற்றுக் குமிழி சிக்கி நிற்கும். கம்பிகளின் எண்ணிக்கை, முறுக்கு, இரண்டு குமிழ்களின் சூடு எல்லாம் ஒத்துவர வேண்டும்.

இதை ஒருவர் தனியாகச் செய்வது மிகக் கடினம். ஒருவர் இருக்கையில் அமர்ந்து வேலை செய்யும்போது இன்னொருவர் குழாயில் ஊதுகிறார். ஒருவர் மரப் பலகையைப் பிடித்து, வேலை செய்பவரின் கையில் அனல் படாமல் மறைக்கிறார். ஒருவர் அடுத்த குமிழைச் சூடாக வைத்திருக்கிறார். பிறகு இடம் மாறுகிறார்கள். அங்கே ‘பார்வையாளர்’ என்று யாரும் இல்லை. பொருள் உடைந்து தரையில் விழுந்தால் கூட்டிப் பெருக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறார்கள். கற்பிப்பவரின் கையிலும் சில சமயம் உடையும். அதையும் மாணவர்கள் பார்க்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் யாரும் லீனோவாக ஆகிவிட முடியாது. பத்தாண்டுப் பழக்கத்தைப் பத்து நாளில் தர எந்தப் பட்டறையாலும் முடியாது. ஆனால் ஒரு நுட்பத்தை முழுதாகக் கண்ணால் பார்த்து, ஒருமுறையாவது தன் கையால் செய்து, எதில் தவறுகிறோம் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்ப முடியும். மீதி அவரவர் பயிற்சி.

ஆற வைப்பதும் பாடமே

அறிவியல் ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும். செய்து முடித்த கண்ணாடியை அப்படியே மேசையில் வைத்தால், வெளிப்புறம் முதலில் ஆறி, உட்புறம் பின்னால் ஆறி, உள்ளே தகைவு உண்டாகி வெடித்துவிடும். அதனால் ஏறத்தாழ 500 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் வைத்து மெல்ல மெல்ல ஆற விடுவார்கள். சிறிய குவளைக்கு ஓர் இரவு போதும். தடித்த பொருளுக்கு நாள்கணக்கில் ஆகும். பலோமார் வானாய்வகத்தின் 200 அங்குலத் தொலைநோக்கிக்காகக் கார்னிங் நிறுவனம் 1934இல் வார்த்த கண்ணாடி வட்டு ஆறுவதற்கு ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆயின.

நம் பயிற்சிகளில் விடுபடுவது இந்தப் பகுதிதான். இரண்டு நாள் உற்சாகமாக நடக்கும். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனால் வருகைப் பதிவு, செயலிப் பதிவேற்றம், இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் நிலை. சூடாக வந்தது ஒரே நாளில் விரிசல் விட்டுவிடுகிறது. ஆசிரியருக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். ஆற வைக்க அடுப்பு இருந்ததா என்று கேட்பதில்லை.

நாம் செய்யக் கூடியவை

பெரிய நிதியோ ஆணையோ இல்லாமல், இந்தக் குறுவள மைய அளவிலேயே செய்யக் கூடிய நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று, பேச்சுக்கு முன் செயல். கூட்டம் நடக்கும் பள்ளியின் குழந்தைகளை வைத்து ஓர் ஆசிரியர் இருபது நிமிடம் உண்மையான பாடம் நடத்தட்டும். மாதிரி வகுப்பு என்று ஒத்திகை பார்த்தது வேண்டாம். குழந்தை தவறாகச் சொன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இரண்டு, ஒரு கூட்டத்திற்கு ஒரே நுட்பம். கடன் வாங்கிக் கழித்தலை மணிச்சட்டத்தில் காட்டுவது, ல, ள, ழ ஒலிகளைப் பிரித்துணர வைப்பது, எட்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் மாணவருக்குக் கூச்சமில்லாமல் வாசிப்புப் பழக்குவது என ஒன்றை மட்டும் எடுப்போம். பார்த்தவுடன் இருவர் இருவராக நாமும் செய்வோம். ஒருவர் நடத்த, மற்றவர் துணை நிற்கட்டும். குறை கண்டுபிடிப்பது துணை நிற்பவரின் வேலை அல்ல. அனல் படாமல் பலகை பிடிப்பதுதான் அவர் வேலை.

மூன்று, ஆற வைத்தல். பிரியும்போதே ஒரு துணை ஆசிரியரோடு இணைந்துகொள்வோம். ஒரு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம். எது சரியாக வந்தது, எது உடைந்தது என்பதை மட்டும் பேசுவோம். படிவம் எதுவும் வேண்டாம்.

நான்கு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒவ்வோர் ஆண்டும் நம் ஒன்றியத்தில் ஓய்வு பெறுபவர்கள் இருக்கிறார்கள். சால்வை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு தருகிறோம், வாழ்த்திப் பேசுகிறோம். ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து முப்பது ஆண்டு சமாளித்த கைப்பக்குவத்தை யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. அழுதுகொண்டே வரும் முதல் வகுப்புக் குழந்தையைப் பத்தே நிமிடத்தில் சிரிக்க வைக்கும் அம்மையார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் திறன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் பள்ளியை விட்டுப் போகும் நாளில் அதுவும் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. இனி, விடைபெறும் ஆண்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு கூட்டத்தை ஒப்படைப்போம். மேடையில் அமர வைத்துப் பாராட்ட அல்ல. குழந்தைகள் முன்னால் பாடம் நடத்திக் காட்ட. இளைய ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும்.

‘என் வகுப்பை இன்னொருவர் பார்ப்பதா?’ என்ற தயக்கம் நம்மிடம் இருக்கிறது. பார்வை என்றாலே ஆய்வு என்று பழகிவிட்டோம். சக ஆசிரியரின் கண் ஆய்வாளரின் கண் அல்ல என்ற நம்பிக்கையை நாம்தான் ஒருவருக்கொருவர் தர வேண்டும். நூற்றாண்டுகளாக மூடிக் கிடந்த முரானோவின் கதவையே ஒரு தனிமனிதர் திறக்க முடிந்தது என்றால், பக்கத்து வகுப்பறைக்கும் நம் வகுப்பறைக்கும் இடையே உள்ள கதவைத் திறப்பது நமக்குப் பெரிய காரியமா?

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் இருபது நிமிடப் பாடத்தை நடத்த நான் பெயர் கொடுக்கிறேன். நான்காம் வகுப்புக் கணக்கு. இந்த ஆண்டு ஓய்வு பெறும் மூத்தவர்களில் ஒருவர் அடுத்த பெயரைக் கொடுத்தால் மகிழ்வேன்.