ஊரும் சேரியும் எப்போது சகோதரிகள் ஆகும்?

(திருவண்ணாமலையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2024இல் நம்ம திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஒரு வெளிநாட்டு நகரத்தோடு ஒப்பந்தம் போட்டு, 'சகோதரி நகரம்' என்று பலகை வைத்தாலும் வைப்பார்கள். 1934இல் பால் பிரன்டன் ரமணரைப் பற்றிப் புத்தகத்தில் எழுதினார். அதிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போகிற ஊர் இது. அதனால் அப்படி ஒரு ஒப்பந்தம் வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வருவதற்கு முன்னாடியே நாம் பேசிவிட வேண்டும்.

சகோதரி நகரம் என்பது மோசமான யோசனை இல்லை. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. சோவியத்தின் ஸ்டாலின்கிராட் தரைமட்டம் ஆனது. கோவென்ட்ரிப் பெண்கள் 830 பேர் ஒரு மேசைத் துணியில் தங்கள் பெயர்களைத் தைத்து, பணமும் சேர்த்து அந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். 1944இல் இரண்டு நகரங்களும் உறவு கொண்டன. அடிபட்டவர்கள் அடிபட்டவர்களுக்குக் கை நீட்டிய உறவு அது. 1956இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் 'மக்களோடு மக்கள்' என்று இதைத் தன் நாட்டு வெளியுறவுத் திட்டமாக்கினார். பனிப்போர்க் காலம், சும்மா செய்வாரா?

சென்னைக்கு இரண்டு பக்கமும் சகோதரிகள் உண்டு. ஸ்டாலின்கிராட்தான் பிறகு வோல்கோகிராட் ஆனது. அதோடு 1960களிலேயே உறவு. அமெரிக்காவின் டென்வரோடு 1984இல், சான் அன்டோனியோவோடு 2008இல். சரி, இந்த உறவால் சென்னைச் சேரிக்காரனுக்கு என்ன வந்தது? யாரு போனாங்க, யாரு வந்தாங்க? கேட்டுப் பாருங்கள்.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் இங்கிருந்து பரதநாட்டியம் போகும், கர்நாடக இசை போகும், கோபுரப் படம் போகும். இதுதான் தமிழ்ப் பண்பாடு என்று முடிவு செய்தவர்கள் யார்? நம்மிடம் கேட்டார்களா? இன்றைக்குப் பறையும் கப்பல் ஏறிவிட்டது. அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடைகளில் அடிக்கிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. இழிவு என்று சொன்னதையே போர்ப்பறையாக மாற்றிய தலித் அரசியலின் வெற்றி. ஆனால் பறைக்கு விசா கிடைக்குது, பறையடிக்கிற நம்ம தாத்தாவுக்குக் கிடைக்குதா? மேடையில் கலை என்று கைதட்டுகிறவன், தன் ஊரில் சாவு விழுந்தால் ஆள் அனுப்புவது எங்கே?

சாதியும் விமானம் ஏறித்தான் போயிருக்கிறது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவிலேயே அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான்.

நமக்கும் ஒரு பரிமாற்றம் உண்டு தோழர்களே. அதில் எந்த மேயரும் கையெழுத்துப் போடவில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்து தலித் சிறுத்தைகள் ஆனார்கள். 2001இல் டர்பன் மாநாட்டுக்குச் சாதியைக் கொண்டுபோனார்கள் நம்மவர்கள். அதை அங்கே பேசக் கூடாது என்று நின்றது இந்திய அரசு. கோவென்ட்ரிப் பெண்கள் தைத்த துணிக்கும் இந்தக் கடிதங்களுக்கும்தான் உறவு.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வாங்க. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர். அறநிலையத்துறைக் கோயில். அந்த முத்துமாரியம்மனைப் பார்க்க அந்த ஊர்த் தலித்துகளுக்கு 2023 ஜனவரி 30 வரை ஆயிற்று. அதுவும் கலெக்டர் வந்து, போலீஸ் நின்று. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் போலீஸ் பாதுகாப்போடுதான் உள்ளே போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரம் சகோதரி ஆகிவிடுகிறது. ஒரு தெரு தள்ளி இருக்கிற சேரி மட்டும் ஊருக்குச் சகோதரி ஆவதில்லை.

அதனால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வரட்டும், எங்கள் கோரிக்கையோடு வரட்டும். ஒன்று, வெளிநாடு போகும் குழுவில் தலித் மாணவர்களும் தூய்மைப் பணியாளர்களும் இருக்க வேண்டும். 2013லேயே சட்டம் வந்தும் நம் நாட்டில் சாக்கடைக் குழிச் சாவு நிற்கவில்லை. மனிதன் இறங்காமல் இயந்திரத்தால் சாக்கடை சுத்தம் செய்கிற நகரங்கள் இருக்கின்றன. அதைப் போய்ப் பார்க்க வேண்டியவர் பௌர்ணமிக்கு மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கூட்டுகிறவர்தான். இரண்டு, பறைக் கலைஞர் காட்சிப் பொருளாகப் போகக் கூடாது, ஆசிரியராகச் சம்பளத்தோடு போக வேண்டும். மூன்று, சகோதரி நகரத்தோடு போடும் ஒப்பந்தத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று ஒரு வரி எழுத வேண்டும். சியாட்டில் எழுதியதைத் திருவண்ணாமலை ஏன் எழுத முடியாது?

இந்த மூன்றையும் மனுவாக எழுதுங்கள். கல்லூரி கல்லூரியாகக் கையெழுத்து வாங்குங்கள். மாமன்றத்தில் நம் வார்டு உறுப்பினர்கள் கையில் கொடுப்போம். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.