முழங்கால் வாதமும் மூட்டு ஊசியும்



இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிலே குந்தியிருந்து களை பிடுங்கிய கால்கள், முதுமையிலே வைத்தியசாலைப் படியேற இயலாது தடுமாறுவதை வன்னியில் எவரும் கண்டிருப்பர். "ஒரு ஊசி போட்டால் கால் பழையபடி வந்துவிடுமா, ஐயா?" என்பதே அவர்கள் வைத்தியரிடம் கேட்கும் முதற் கேள்வி. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முழங்கால் மூட்டிலே எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. அது தேய்ந்து, மூட்டின் உட்சவ்வு அழற்சியுறும்போது நோவும் வீக்கமும் தோன்றுகின்றன. முதுமை, உடற்பருமன், பல்லாண்டு குந்தியும் பாரஞ் சுமந்தும் செய்த தொழில் ஆகியன இதற்குக் காரணங்களாம். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே முழங்காலிற் காயம்பட்டவர்க்கு, முதுமைக்கு முன்னரே இந்நோய் வரக்கூடும்.

1951 ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் ஜோசப் ஹொலண்டர் என்பார், ஐதரோகோட்டிசோன் மருந்தை மூட்டினுள்ளே செலுத்திக் கண்ட பயனை வெளியிட்டார். அவ்வின மருந்து அழற்சியைத் தணிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. தணிவும் பெரும்பாலும் சில வாரங்களே நிலைக்கும். 2017 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, மூன்று மாதத்திற்கொருமுறை இரண்டாண்டு இவ்வூசி பெற்றோரின் குருத்தெலும்பு, வெறும் உப்புநீர் ஊசி பெற்றோரினும் மிகுதியாகத் தேய்ந்தது. நோவிலோ வேறுபாடு காணப்படவில்லை. நோயாளரின் சொந்தக் குருதியிலிருந்து சிறுதட்டுகளைப் பிரித்துச் செலுத்தும் புதுமுறையும், 2021 ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய ஆய்விலே உப்புநீரினும் மேம்படவில்லை.

அங்ஙனமாயின் ஊசி வீணோ? அன்று. நோவு மிகுந்து காலை அசைக்கவே இயலாதபோது, அது தரும் சில வாரங்கள் பெறுமதி மிக்கவை. அவற்றைப் படுக்கையிற் கழிப்பதே பிழை. நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை செய்க. தொடைத்தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

நீரிழிவுடையோர் அதனை ஊசிக்கு முன்னரே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். சில நாட்களுக்குக் குருதியிற் சீனி உயரக்கூடும். ஊசியின் பின் மூட்டுச் சிவந்து, சூடேறி, காய்ச்சலுங் கண்டால், அன்றே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதை நாடுக. கிருமி தொற்றிய மூட்டு, தாமதித்தாற் கெட்டுவிடும்.

ஆகவே, ஊசி போட்டாயிற்று என்று படுத்திராமல், வைத்தியர் கூறியபடி ஓரிரு நாள் ஆறியபின், அந்த நாற்காலியை முற்றத்திலே எடுத்துப் போடுவீர்களாக.