நால்வருக்குப் பொறுப்பானவர்



 

காத்தான்குடிப் பிரதான வீதியின் புடவைக் கடைகளிலும், ஏறாவூரின் தையல் நிலையங்களிலும், மட்டக்களப்பு நகரின் அலுவலகங்களிலும் எமது பிள்ளைகள் யாரோ ஒருவரின் கீழ் வேலை செய்கிறார்கள். இன்று கீழே நிற்கும் அந்த இளைஞனிடமே ஐந்து வருடங்களில் நால்வரை ஒப்படைத்து, "இவர்களை நீ பார்த்துக்கொள்" என்பார்கள். அன்று முதல் அந்த நால்வரின் பேச்சும் பழக்கமும் நாணயமும் பெரும்பாலும் அவனைப் பார்த்தே அமைகின்றன. அந்தப் பொறுப்பைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

முதலில் என் தவறொன்றைச் சொல்லிவிடுகின்றேன். அறபுக் கல்லூரியில் ஓதி முடித்து வெளியேறிய சில வருடங்களில், ஒரு மத்ரஸாவில் ஐந்து உஸ்தாதுமார்களுக்குப் பொறுப்பாக என்னை நியமித்தார்கள். ஒரு நாள் ஸுபஹுக்குப் பிந்திய பாடத்திற்கு ஓர் உஸ்தாத் தாமதித்து வந்தார். மாணவர்களின் முன்னிலையிலேயே அவரைக் கண்டித்தேன். ஒழுங்கை நிலைநாட்டிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி. அதன் பின்னர் எவரும் தாமதிக்கவில்லை. ஆனால் எவரும் என்னிடம் எதையும் சொல்லவும் இல்லை. இரண்டு மாதங்கள் கழித்து விடுதியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த அதே உஸ்தாத், "ஏன் கவனிக்கவில்லை என்று மௌலவி ஏசுவார்" எனப் பயந்து, மூன்று நாட்கள் பெனடோல் கொடுத்தே சமாளித்திருக்கிறார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது அது டெங்கு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த மூன்று நாட்களின் மௌனத்தை உண்டாக்கியவர் அந்த உஸ்தாத் அல்லர், நான்தான்.

உஹதுப் போரின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பதே நபி (ஸல்) அவர்களின் கருத்தாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் வெளியே சென்று பொருதவேண்டும் என ஆவலுற்றார்கள். அன்னார் மஷூரா செய்து, அவர்களின் கருத்துக்கு இணங்கிப் புறப்பட்டார்கள். மலைக்கணவாயில் நிறுத்திய 50 வில்வீரர்களுள் பெரும்பாலானோர் கட்டளையை மறந்து இடத்தை விட்டிறங்கினார்கள். 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். ஹம்ஸா (ரழி) அவர்களும் அதில் அடக்கம்.

இப்பொழுது நம் முகாமையாளர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். "நான் அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா?" என்று ஆரம்பித்திருப்பார். அடுத்த கூட்டத்தில் எவரிடமும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஆலஇம்றான் ஸூராவில் அல்லாஹுத்தஆலா தன் தூதருக்கு அருளிய வழிகாட்டல் என்ன? அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களோடு தொடர்ந்தும் கலந்தாலோசிக்கவும் பணிக்கிறான். கடின சித்தமுள்ளவராக இருந்திருந்தால் அவர்கள் சுற்றிலிருந்து கலைந்து போயிருப்பார்கள் என்றும் உணர்த்துகிறான். மஷூராவுக்குப் பின் தோல்வி வந்தும், மஷூராவைக் கைவிடும்படி கட்டளை வரவில்லை. கிதாபில் இதனைப் பலமுறை ஓதியிருந்தும், விடுதிச் சம்பவத்தின் பின்னரே எனக்கு இது விளங்கியது.

சிறுவராக வந்து நபியவர்களுக்குச் சுமார் 10 ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், ஒருமுறையேனும் அன்னார் தம்மிடம் சலிப்பைக் காட்டியதில்லை எனவும், செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ குடைந்து கேட்டதில்லை எனவும் அறிவிக்கிறார்கள். அப்படியானால் தவறுகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதா? இல்லை. இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஸகாத் சேகரித்துத் திரும்பி, ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்கு, மற்றது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என நபியவர்கள் வினவினார்கள். பின்னர் மிம்பரில் நின்று, பெயரைக் கூறாமல், பதவியால் வரும் அன்பளிப்பின் பாரதூரத்தை அனைவருக்கும் விளக்கினார்கள். தவறு பகிரங்கமாக விளக்கப்பட்டது. மனிதரின் மானம் காக்கப்பட்டது.

இது ஸகாத் சேகரித்தவருக்கு மட்டுமுரிய பாடமன்று. கொழும்பிலிருந்து துணி கொண்டுவரும் விநியோகத்தர் கடை மேற்பார்வையாளருக்குப் பெருநாளைக்கு ஒரு பொதியை இரகசியமாகக் கொடுக்கிறார். பையன்கள் அதைக் காண்கிறார்கள். மறுமாதம் அளவுகோலில் ஓர் அங்குலம் குறைகிறது. சுவரில் எத்தனை அறிவித்தல் ஒட்டினாலும் பையன்கள் வாசிப்பது அந்தப் பொதியையே.

சம்பள விடயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்துள்ளது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். அந்த 8 வீதத்தைக் கழித்துவிட்டு நிதிக்குச் செலுத்தாதிருப்பது அமானிதத்தைத் தின்பதாகும். வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிராளி என அல்லாஹ் கூறுவதாக ஹதீஸுல் குத்ஸியில் வந்திருக்கிறது.

நிற்கும் ஊழியர் அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்பதற்காகக் கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும் சட்டத்தைத் திருத்த வேண்டியேற்பட்டது. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் ஒரு கதிரையைக் காட்டுவதற்குச் சட்டம் எதற்கு? மேற்பார்வையாளரின் ஒரு வார்த்தை போதாதா?

மற்றொன்றையும் மறைக்காமல் பேசுவோம். நமது வாவிக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். 1990இன் காயங்கள் இரு பக்கமும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், வருடக்கணக்காக ஒன்றாக உண்டவர்கள் முகம் பார்க்கத் தயங்கிய நாட்கள் இருந்தன. பகல் சாப்பாட்டின்போது ஒருவன் மற்றச் சமூகத்தை இழித்துப் பேசுகிறான். எல்லோரும் பொறுப்பானவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் சிரித்தால் நாளைக்கும் அந்தப் பேச்சு உண்டு. அவர் சோற்றை வைத்துவிட்டு, "இங்கே அது வேண்டாம், தம்பி" என்றால் அன்றோடு நிற்கும். அவனைத் தனியே அழைத்து எஞ்சியதைச் சொல்லலாம்.

பெற்றோர்களே! பாடசாலை விடுமுறையில் மகனைக் கடைக்கு அழைத்துச் செல்கிறீர்கள். கணக்குப் பழகட்டும் என்பது உங்கள் எண்ணம். ஏணியிலிருந்து துணிக்கட்டோடு விழுந்த பையனிடம் வாப்பா முதலில் கேட்டது காலைப் பற்றியா, துணியைப் பற்றியா என்பதையும் அவன் பழகிக்கொள்கிறான்.

அந்த உஸ்தாதிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தனியே கேட்டால் போதும் என்றே நஃப்ஸ் சொன்னது. கண்டித்தது மாணவர்கள் முன்னிலையில் என்பதால், அதே மண்டபத்தில், அதே ஸுபஹுக்குப் பின் கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டார். பல வாரங்கள் வரை பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் நள்ளிரவு கடந்து என் அறைக்கதவு தட்டப்பட்டது. "மௌலவி, ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, எழும்புங்கள்" என்று அவர் நின்றார்.