அணைக்கு இல்லை, ஆயுதத்துக்கு உண்டு

(மில் வாயிற்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கூட்டங்களில் ஒரு கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. "1956-ல் இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்தபோது அதைத் திருப்பி அனுப்பியது அமெரிக்காதானே? அதையே ஏன் சாடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விவகாரம் ஓர் அணையில் தொடங்குகிறது. நைல் நதியில், அஸ்வானில், ஒரு பெரிய அணை கட்ட எகிப்து திட்டமிட்டது. வெள்ளம் வந்தால் முழுகுவதும், வராவிட்டால் காய்வதும் என்னவென்று நம் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 5 கோடியே 60 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. பிரிட்டனும் உலக வங்கியும் சேர்ந்துகொண்டன.

ஆனால் எகிப்தின் தலைவர் நாசர் தலையாட்டிப் பொம்மையாக இருக்க மறுத்தார். ஆயுதம் விற்க மேற்கத்திய நாடுகள் இழுத்தடித்தன; 1955-ல் செக்கோஸ்லோவாகியாவிடம் பஞ்சைக் கொடுத்து ஆயுதம் வாங்கினார். (மில் தோழர்கள் அறிந்த அதே நீண்ட இழை எகிப்துப் பஞ்சுதான்!) 1956 மே மாதம் மக்கள் சீனத்தை அங்கீகரித்தார். வந்தது கோபம் வாஷிங்டனுக்கு. ஜூலை 19 அன்று அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டல்லஸ், எகிப்தியத் தூதரிடம் பணம் கிடையாது என்று கைவிரித்தார்.

ஒரே வாரம்! ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியைத் தேசவுடைமையாக்கினார். எகிப்து விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வெட்டிய கால்வாய் அது. லாபமோ ஐரோப்பியப் பங்குதாரர்களின் பைக்குப் போயிற்று. இனி அந்த வரும்படி அணைக்கு என்றார் நாசர்.

பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டன. அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் பாய்ந்தது. மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். ஜனாதிபதி ஐசனோவர் எதிர்த்தார், உண்மை. பிரிட்டனின் பவுன் நாணயம் ஆட்டங்கண்டபோது கைகொடுக்க மறுத்தார். இஸ்ரேலையும் நெருக்கினார், 1957 மார்ச்சில் அது வெளியேறியது. இதை மறைக்கும் அவசியம் நமக்கில்லை.

ஏன் எதிர்த்தார்? அராபிய மக்கள்மீது இரக்கமா? பழைய காலனி எஜமானர்களின் அட்டகாசத்தால் அராபியர் சோவியத் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், எண்ணெய் கைநழுவும் என்ற பயம்! இஸ்ரேல் படை முழுதும் வெளியேறுமுன்பே, 1957 ஜனவரியில், "ஐசனோவர் கொள்கை" வந்துவிட்டது. மேற்காசியாவில் கம்யூனிசத்தை எதிர்க்கும் சர்க்கார்களுக்குப் பணம் தருவோம், படையும் அனுப்புவோம் என்றது அது. 1958 ஜூலை 14 அன்று ஈராக்கில் மன்னராட்சி விழுந்தது. மறுநாளே லெபனான் கரையில் அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கினார்கள். பிரிட்டிஷ்காரன் காலி செய்த நாற்காலி சூடு ஆறுவதற்குள் இவர்கள் உட்கார்ந்தார்கள்.

அணை என்ன ஆயிற்று? சோவியத் உதவியோடு 1970-ல் கட்டி முடிந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நாசருக்குப் பின் வந்த சதாத் அமெரிக்கா பக்கம் சாய்ந்தார். 1979-ல் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை செய்தார். அணைக்கு 5 கோடியே 60 லட்சம் தர மறுத்தவர்கள், எகிப்து ராணுவத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் ஒதுக்கத் தொடங்கினார்கள்! இஸ்ரேலுக்கோ 2016-ல் செய்த ஒப்பந்தப்படி 2019 முதல் 10 ஆண்டுகளுக்கு 3,800 கோடி டாலர். முன்பு இதில் ஏறத்தாழக் கால்பங்கை இஸ்ரேல் தன் நாட்டுக்குள்ளேயே செலவழிக்கலாம். புதிய ஒப்பந்தம் அந்தச் சலுகையைப் படிப்படியாக ஒழிக்கிறது. பணம் அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளுக்கே திரும்ப வேண்டும். வரி கட்டுபவன் அமெரிக்கத் தொழிலாளி, லாபம் எடுப்பவன் ஆயுத முதலாளி, குண்டு விழுவது பாலஸ்தீனக் குடிசையில்.

2023 டிசம்பர் 8 அன்று, காஸாவில் உடனே சண்டையை நிறுத்தக் கோரும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு வந்தது. 13 நாடுகள் ஆதரித்துக் கை தூக்கின. பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்துத் தூக்கிய கை ஒன்றே ஒன்று, அமெரிக்காவின் கை. தீர்மானம் அங்கேயே செத்தது.