கொல்லாமையும் கூலிக்கு உழைப்போர் உயிரும்



பகவான் மகாவீரரின் திருப்பிறப்பு நன்னாளில் கொல்லாமை பேசப்படாத மேடை இல்லை. புலால் உண்ணாமை, இரவுண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவை தமிழ்ச் சமணர் இல்லங்களில் வழிவழியாகக் காக்கப்படுகின்றன. ஆயினும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் இல்லறத்தாரின் ஆலையிலும் களத்திலும் கூலிக்கு உழைப்போரின் உயிர் எவ்வாறு காக்கப்படுகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என இம்சை நால்வகைப்படும். மனமறிந்து செய்யும் சங்கல்பியை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். பிழைப்புக்கான தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உத்யோகியை இயன்றவரை குறைக்க வேண்டும். இச்சலுகையைத் தவறாகப் பொருள்கொண்டு, "தொழில் என்றால் விபத்து நேரத்தான் செய்யும், எல்லாம் அவரவர் வினைப்பயன்" என்று சொல்வாரும் உளர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி கூறும் இலக்கணம் இதனை ஏற்பதில்லை. விழிப்பின்மை வயப்பட்டு உயிருக்கு ஊறு விளைத்தலே இம்சை என்பது அதன் கருத்து. அடிபட்டவர் நுகர்வது பழவினையின் பயன் என்றே கொண்டாலும், காக்கத் தவறியவரைப் புதுவினை வந்து சேர்வதை அது தடுக்காது.

அரிசி ஆலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பட்டையும் கப்பியும் சுழலும் இடத்தில் கம்பிவலைக் காப்பு இருக்க வேண்டும். எண்ணெய் இடுவதற்காகக் கழற்றிய காப்பு மீண்டும் பொருத்தப்படாமல் மூலையில் கிடந்தால், அருகே பெருக்கும் பெண்ணின் சேலைத் தலைப்பு சிக்குவதற்கு ஒரு கணம் போதும். புழுங்கலுக்காக நெல் ஊறும் ஆழ்ந்த தொட்டியில், நெல் புளிக்கும்போது கரியமில வாயு தேங்கிப் பிராணவாயு குறையக்கூடும். துப்புரவுக்கு இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இவ்விரண்டும் தவிர்க்கக் கூடியவை. ஆகவே உத்யோகி என்னும் பெயரில் இவை அடங்கா.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் இதனையே வேறு மொழியில் கூறிற்று. சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்றது அதன் 21ஆம் பிரிவு. நச்சுக்காற்று தேங்கக்கூடிய தொட்டியில், அதனை அகற்றுவதற்கு இயன்ற அனைத்தும் செய்யாமல் எவரையும் இறக்கலாகாது என்றது 36ஆம் பிரிவு. அதன் பின்னரும், தகுதியுடையவர் சோதித்தளித்த எழுத்துச் சான்று வேண்டும். இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் அணிந்திருக்க, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பற்றியிருக்க வேண்டும்.

எனினும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு அதனை 20 ஆக உயர்த்தியது. சிறு ஆலைகள் பல இக்கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அணுவிரதத்துக்கு அத்தகைய தலைக்கணக்கு இல்லை. ஒரே ஒருவரை வேலைக்கு அமர்த்தினாலும் அவ்வுயிர் விரதத்துக்கு உட்பட்டதே. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவோரும் இதனை நினைத்தல் வேண்டும். பாதுகாப்புக் கருவிகளின்றி அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இயந்திர ஊர்தியை வரவழைக்கும் செலவு ஓர் உயிரினும் பெரிதன்று.

கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்கள். உழவு மாட்டின் மீது மிகுபாரம் ஏற்ற அஞ்சிய முன்னோரின் மரபில் வந்தவர்கள், 75 கிலோ நெல் மூட்டையைச் சுமக்கும் முதுகையும் நோக்குதல் தகும். ஆடவர் ஒருவர் சுமப்பது 55 கிலோவுக்கு மிகலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. உச்சிவெயிலில் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் இடையோய்வும் அளிக்காமையும் ஐந்தாம் அதிசாரத்தின் சாயலே ஆகும்.

முனிவர் ஒரு நூலைக் கீழே வைக்குமுன் மயிற்பீலியால் அவ்விடத்தை மெல்லத் துடைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிருக்கும் ஊறு நேரலாகாது என்னும் விழிப்பே அது. கழற்றிய காப்பை மீண்டும் பொருத்திய பின்னரே விசையைத் தொடுவதும், தொட்டியின் காற்றைச் சோதித்த பின்னரே ஆளை இறக்குவதும் இல்லறத்தார் கையில் உள்ள மயிற்பீலிகள். காலையில் வேலைக்கு வந்தவர் மாலையில் தம் மக்களிடம் நலமாகத் திரும்புவதே, தொழில் நடத்தும் சாவகர் நாள்தோறும் செய்யக்கூடிய சிறந்த பூசை.

அருகன் அறம் வாழ்க.