கெஜக்கோலாகும் சிறு சொற்கள்



வரவு என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டிக்குள் காசு வந்து விழும் ஓசையே நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள், தம் எல்லைக்குள் ஆராய்ச்சி நடத்தும் தொழில் ஸ்தாபனங்களுக்கு ‘ஆராய்ச்சி அபிவிருத்தி வரி வரவு’ என்றொரு சலுகையை அளித்து வருகின்றன. அச்சலுகையைப் பற்றிய அறிக்கைகளில் 10 சதவீதம், 15 சதவீதம் என்று ஓர் எண் கொட்டை எழுத்தில் நிற்கும். அதை மட்டும் படித்துவிட்டு ஆதாயத்தை மனக்கணக்குப் போடுகிறவர், துணியின் விலையைக் கேட்டுவிட்டுக் கெஜக்கோலைப் பாராமல் வீடு திரும்புகிறவருக்கு ஒப்பாவார். அந்தக் கெஜக்கோல் சட்டத்தின் சிறு சொற்களில் ஒளிந்திருக்கிறது. அச்சொற்களில் சிலவற்றை இன்று எடுத்துப் பார்ப்போம்.

முதலில் வரவுக்கும் கழிவுக்கும் உள்ள பேதத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. வரவு என்பது செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழிக்கப்படுவது. வரி விகிதம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், 100 டாலர் கழிவினால் மிச்சமாவது 10 டாலர். 100 டாலர் வரவினால் மிச்சமாவது முழு 100 டாலர். ஆகவேதான் வரவு என்றவுடன் ஸ்தாபனங்கள் நிமிர்ந்து உட்காருகின்றன.

ஆராய்ச்சிக்கு வரி வரவு தரும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது, 1981ஆம் ஆண்டு வாஷிங்டனில் மத்திய சர்க்கார் இயற்றிய சட்டம். மறு ஆண்டே, 1982இல், மினசோட்டா தனக்கென ஒரு வரவை ஏற்படுத்திக்கொண்டது. மாநிலங்களில் அதுவே முந்தியது. பின்னர் வந்த மாநிலங்களிற் பல, இலக்கணத்தைப் புதிதாக வகுக்கும் சிரமத்தை மேற்கொள்ளாமல், மத்திய வருமான வரிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் உள்ள சொற்களையே இரவல் வாங்கி, ஆங்காங்கே ஒன்றிரண்டைத் திருத்திக்கொண்டன. இரவல் நகையில் இரண்டொரு கல்லை மாற்றிப் பதித்ததைப் போல, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றும்; கையில் வாங்கிப் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

‘தகுதி பெற்ற ஆராய்ச்சி’ என்பது இரவல் சொற்களில் பிரதானமானது. மழையில் வெளிறாத ஒரு வர்ணத்தை உண்டாக்க ஒரு ஸ்தாபனம் முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது புதிய அல்லது மேம்பட்ட ஒரு பண்டத்திற்கான முயற்சியாக இருக்க வேண்டும். அதை எவ்வாறு செய்வது என்பதில் மெய்யான ஐயம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஐயத்தைத் தீர்க்கும் வழி ரசாயனம், பௌதிகம், பொறியியல் போன்ற சாஸ்திரங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று வழிகளை எடுத்துச் சோதித்துத் தள்ளியும் கொண்டும் பார்த்திருக்க வேண்டும். இந்த நான்கு வாயில்களையும் கடந்த பிறகே அது ஆராய்ச்சி என்ற பெயரைப் பெறும். அதே ஸ்தாபனம், வாடிக்கையாளருக்கு நீலம் பிடிக்குமா பச்சை பிடிக்குமா என்று ஊரெல்லாம் விசாரித்தால் அது ஆராய்ச்சியாகாது. ரசனைக்காகவும் அழகுக்காகவும் மட்டும் செய்யப்படும் மாறுதலும், பிறர் பண்டத்தைப் பிரித்துப் பார்த்து நகல் எடுப்பதும், விற்பனைக்கான உற்பத்தி தொடங்கிய பின் நடக்கும் சோதனையும் வாயிலுக்கு வெளியே நிற்பவை. சமூக இயல்களுக்கும் கலைகளுக்கும் கூட இங்கே இடமில்லை. தமிழாசிரியர்கள் வருந்த வேண்டாம், பொருளாதார நிபுணர்களுக்கும் இதே கதிதான்.

ஆராய்ச்சி தகுதி பெற்றுவிட்டாலும், அதன் செலவு முழுவதும் தகுதி பெற்றுவிடுவதில்லை. ஆராய்ச்சி செய்பவர், அவரை நேரடியாக மேற்பார்வை பார்ப்பவர், நேரடியாக உதவுபவர் ஆகியோரின் சம்பளமும், சோதனையிற் செலவழிந்து போகும் பொருள்களின் விலையும் சேரும். நிலமும் கட்டடமும் ஆண்டாண்டாகத் தேய்மானம் எழுதப்படும் இயந்திரமும் சேரா. வெளியாரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்வித்த ஆராய்ச்சியானால், கொடுத்தது 100 டாலரென்றால் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் 65 டாலரே.

இனி, இந்த அகராதியிலேயே மிகவும் சூட்சுமமான சொல்லுக்கு வருவோம். அதுதான் ‘அடிப்படைத் தொகை’. எப்படியும் நடக்கப்போகும் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் தருவதில் பயனில்லை, கூடுதலாக நடப்பதற்கே தர வேண்டும் என்பது சட்டம் செய்தவர்களின் உத்தேசம். ஆகையால் செலவில் அடிப்படைத் தொகையை நீக்கி, மிஞ்சியதற்கே வரவு கணக்கிடப்பட்டது. உத்தேசம் சிலாக்கியமானதுதான். ஆனால் அடிப்படையை எவ்விதம் நிர்ணயிப்பது? 1981ஆம் ஆண்டுச் சட்டம் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. அதில் நேர்ந்த விபரீதம் என்னவென்றால், இவ்வாண்டு ஒரு டாலர் அதிகம் செலவழித்தவருக்கு, அடுத்து வரும் மூன்று ஆண்டுகளிலும் அடிப்படை ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். இன்று வலக்கையால் வாங்கியதை மூன்று தவணைகளில் இடக்கையால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இக்குறையைக் களைய 1989இல் புது வழி கண்டார்கள். 1984 முதல் 1988 வரை ஒரு ஸ்தாபனத்தின் விற்பனை வரும்படியில் எத்தனை பங்கு ஆராய்ச்சிக்குச் சென்றது என்று கண்டு, அதை ‘நிலையான அடிப்படைச் சதவீதம்’ என்று முத்திரையிட்டார்கள். கடந்த நான்கு ஆண்டுகளின் சராசரி வரும்படியை அதனால் பெருக்கினால் அடிப்படைத் தொகை வந்துவிடும். விற்பனை பெருகப் பெருக அடிப்படையும் உயரும், ஆயினும் ஆராய்ச்சிச் செலவு தன்னையே தண்டித்துக்கொள்ளாது. நல்ல யோசனைதான், ஆனால் கரையானும் காலமும் கணக்குப் புத்தகங்களுக்கு விரோதிகள் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் ஸ்தாபனங்கள் 1984ஆம் ஆண்டுப் பேரேட்டைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஆகவே 2006இல் இயற்றிய சட்டம் மறுபடியும் மூன்றாண்டுச் சராசரிக்கே ஒரு மாற்று வழியாகத் திரும்பியது; சராசரியில் பாதியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டதனால் பழைய விபரீதமும் பாதியாயிற்று. கலிபோர்னியாவோ இந்த எளிய வழியை நெடுங்காலம் ஏற்காமலே இருந்தது.

அடிப்படைத் தொகைக்கு இன்னொரு வேலியும் உண்டு: அது எவ்வளவு குறைந்தாலும் இவ்வாண்டுச் செலவிற் பாதிக்குக் குறையலாகாது. கலிபோர்னியாவின் விகிதம் 15 சதவீதம். அங்கே 10 லட்சம் டாலர் தகுதி பெற்ற செலவு செய்த ஸ்தாபனம் ஒன்றரை லட்சம் டாலரை எதிர்பார்க்கக்கூடும். வேலியோ குறைந்தது 5 லட்சத்தை விலக்கிவிடுவதால், மிகுதிக்குரிய வரவு 75,000 டாலரைத் தாண்டாது. கொட்டை எழுத்தில் நின்ற 15, உள்ளே போய்ப் பார்த்தால் ஏழரைக்கு மேல் தேறுவதில்லை.

வரவு சித்தித்த பிறகு அதை என்ன செய்வது என்பதற்கும் தனிச் சொற்கள் உண்டு. புதிதாய்த் தோன்றிய ஸ்தாபனத்துக்கு லாபமே இராது. லாபமில்லாதவருக்கு வருமான வரி ஏது, வரியில்லாதவருக்கு வரவு எதற்கு? பல மாநிலங்கள் அதை அடுத்த ஆண்டுகளின் கணக்குக்கு ஏற்றிக்கொள்ள விடுகின்றன. கலிபோர்னியா காலவரம்பே வைக்கவில்லை. கனெக்டிகட், சிறு ஸ்தாபனங்கள் பயன்படுத்த இயலாத வரவை 100க்கு 65 என்ற விலையில் காசாக மாற்றித் தருகிறது. நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பிறருக்கு விற்கலாம். நியூஜெர்சியில் விலை மதிப்பில் 80 சதவீதத்துக்குக் குறையலாகாது என்று நிபந்தனையும் உண்டு. லாபமில்லாத ஆராய்ச்சியாளர் வரவை விற்க, ஆராய்ச்சியே இல்லாத லாபக்காரர் அதை வாங்கித் தம் வரியைக் குறைத்துக்கொள்ளும் இக்காட்சி எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. ஆயினும் சோதனைச்சாலைக்கு மறுமாதச் சம்பளம் அதிலிருந்தே வருவதுண்டு.

பென்சில்வேனியாவில் ‘உச்சவரம்பு’ என்ற சொல்லையும் மறத்தலாகாது. மாநிலம் முழுவதற்குமாக ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் குறித்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் அது 5 கோடியே 50 லட்சம் டாலராக இருந்தது. கேட்பவர்களின் தொகை அதை மிஞ்சினால், பந்தியில் ஆள் மிகுந்த வீட்டில் பாயசம் அளவு குறைவதைப் போல, ஒவ்வொருவர் பங்கும் விகிதாசாரப்படி சுருங்கும்.

‘அஸ்தமன ஷரத்து’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குறித்த நாளில் சட்டம் தானே மறையும் என்பது அதன் பொருள். மத்திய சர்க்காரின் வரவு இப்படிப் பலமுறை மறைந்தும் புதுப்பிக்கப்பட்டும் வந்து, 2015இல்தான் நிரந்தரமாயிற்று. இடையே 1995 ஜூலை முதல் 1996 ஜூன் வரையிலான ஓராண்டு எந்தச் சட்டத்தாலும் ஈடுகட்டப்படாமல் இருளிலேயே நின்றுவிட்டது.

எஞ்சியிருப்பது ‘மாநிலத்திற்குள்’ என்ற சொல். ஒரே ஸ்தாபனத்தின் இரு பொறியியலாளர் ஒரே சோதனையைச் செய்தாலும், சான் ஹோசேயில் அமர்ந்திருப்பவரின் சம்பளம் கலிபோர்னியாவின் கணக்கில் ஏறும். சென்னையில் அமர்ந்திருப்பவரின் சம்பளம் கலிபோர்னியாவின் கணக்கிலும் ஏறாது, வாஷிங்டனின் கணக்கிலும் ஏறாது. சான் பிரான்சிஸ்கோ மத்திய ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர் டேனியல் வில்சன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இச்சலுகைகளால் ஒரு மாநிலத்துள் ஆராய்ச்சி பெருகுவது உண்மையே என்றும், பெருகியதிற் பெரும்பகுதி மற்ற மாநிலங்களிலிருந்து நகர்ந்து வந்ததே என்றும் கண்டார். மினசோட்டா தொடங்கி வைத்ததை மற்றவர்கள் ஏன் தொடர்ந்தார்கள் என்பதும், தொடர்ந்தவர்களால் ஏன் விட முடியவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். வயோமிங்கும் தெற்கு டகோட்டாவும் இந்தப் பந்தயத்தில் இல்லை. தொழில் ஸ்தாபனங்களின் வருமானத்துக்கு அங்கே மாநில வரியே கிடையாதாகையால், கழிப்பதற்கு ஒன்றுமில்லை.